பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பட்டறை: தொழிற்கல்வி குறித்து எங்கள் நிலைப்பாடு

பள்ளியில் தொழில் கற்றுத்தரலாமா என்ற பேச்சு தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம் 1953 நினைவுக்கு வருகிறது. ராஜாஜி ஆட்சியில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கச் சொன்னது. மக்கள் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது என்பதே எங்கள் அமைப்பின் கருத்து. ஆனால் அன்றைய தவறு பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுத்ததல்ல. எந்தப் பிள்ளையின் கையில் உளி, எந்தப் பிள்ளையின் கையில் புத்தகம் என்பதைப் பிறப்பே முடிவுசெய்ததுதான் தவறு.

இன்று அந்த முடிவை மதிப்பெண் எடுக்கிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் தொடங்கியது. இயந்திரவியல், மின்னியல், செவிலியம், வேளாண்மை, நெசவு, அலுவலக மேலாண்மை என்று நல்ல பாடங்கள். ஆனாலும், பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வெர்னியர் அளவியை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பிரிவு மாணவி இயற்பியல் ஆய்வகத்தில் அதைக் கொண்டு ஒரு கோளத்தின் விட்டத்தை அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுதி மூடிவிடுகிறாள். பட்டறையில் இருக்கும் மாணவன் அதே அளவியால் தான் கடைந்த இரும்புத் தண்டை அளக்கிறான். ஒரு கோடு தப்பினால் தண்டு துளையில் உட்காராது. அளவின் அருமை அவனுக்குத் தெரிகிறது, அதன் பின்னுள்ள இயற்பியல் சொல்லித்தரப்படுவதில்லை. அவளுக்கு இயற்பியல் கிடைக்கிறது, பொருள் கைக்கு வருவதில்லை. இருவருமே பாதிக் கல்வியோடு வெளியேறுகிறார்கள். தொழிற்பிரிவு மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடும், பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையும் உண்டு. ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படித்தவர்களோடு, அவற்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போய் உட்காரும் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது இது: ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கைத்தொழில் எல்லா மாணவர்க்கும் பொதுப் பாடமாக இருக்க வேண்டும், தனித் தொழிற்பிரிவு பத்தாம் வகுப்புக்குப் பிறகுதான், அதுவும் கணிதமும் அறிவியலும் குறையாமல். ஆண் பெண் பேதமின்றி மின்சுற்று, மரவேலை, தையல், சமையல், தோட்டம் எல்லாம் சுழற்சி முறையில் வர வேண்டும். பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு லேத் என்று பிரித்தால் அது வேறு பெயரில் பழைய கதைதான்.

இது தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வதுதானே என்று கேட்பார்கள். இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் பயிற்சி பெறச் சொல்கிறது அந்தக் கொள்கை. குயவர் வீட்டுப் பிள்ளை குயவரிடமே அனுப்பப்படாது என்பதற்கு என்ன காப்பு? 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எங்கள் கவலை கூடுகிறது. பயிற்சி பள்ளி வளாகத்துக்குள், ஆசிரியரின் கண் பார்வையில் நடக்க வேண்டும். பிள்ளைகள் செய்த பொருளை விற்பனைக்கு வைக்கக் கூடாது.

வேலைக்கு எடுத்த பிறகு தொழிற்சாலையே பழக்கிக்கொள்ளும், பள்ளிக்கு ஏன் இந்தச் சுமை என்பது இன்னொரு வாதம். குறிப்பிட்ட இயந்திரத்தை ஓட்ட அங்கே பழகிக்கொள்ளலாம் என்பது உண்மையே. வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்வது, அளவு பிசகாமல் வேலை செய்வது, மின்சாரத்துக்குப் பயப்படாமலும் அலட்சியம் காட்டாமலும் இருப்பது எல்லாம் சில வாரப் பயிற்சியில் வருபவையல்ல. அத்தோடு, வேலைக்குச் சேரும் நாளில் தொழிலாளியிடம் இவை இருந்தால் கூலி பேசும்போது அவர் கை ஓங்கியிருக்கும்.

பாடச்சுமை கூடும் என்ற அச்சத்துக்கு எங்கள் பதில், இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வே வேண்டாம் என்பது. கற்றுத்தர ஆள் இல்லை என்ற ஆட்சேபத்துக்குத்தான் எளிய பதில் கிடையாது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் சொற்பத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். ஆசிரியரையே பாதி ஆளாக நடத்தும் பள்ளியில் அவர் நடத்தும் பாடத்தை எந்தப் பிள்ளையும் மதிக்காது. பட்டறைக்கு இயந்திரம் வாங்க நிதி ஒதுக்குவதற்கு முன், அதே நிதியாண்டிலேயே, இந்தப் பணியிடங்களை முழுநேரப் பணியிடங்களாக மாற்றி அரசாணை வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.