வரியும் காப்பும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் பழமொழி நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உழைக்க அஞ்சுவோரின் மந்திரம் இது என்று எள்ளி நகையாடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இப்பழமொழியைப் பெற்றெடுத்தது சோம்பலன்று. முதுமையைப் பற்றிய அச்சமே. அரசாங்க உத்தியோகத்தனுக்கு ஓய்வு பெற்ற பின்னும் மாதம் தவறாது பணம் வருகிறது. அவன் கண்ணை மூடினாலும் அவன் மனைவிக்கு ஓர் ஆதரவு இருக்கிறது. தன் நிலத்தைத் தானே உழுபவனுக்கும், தன் பெயர்ப்பலகையை மாட்டித் தொழில் நடத்துபவனுக்கும் அத்தகைய ஆதரவு எங்கே?

இவர்களை அரசு அறியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. வரி என்று வரும்போது அரசு இவர்களை நன்றாகவே அறியும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இந்நாட்டில் வருமான வரி புகுத்தப்பட்ட நாள் தொட்டு, 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரை, சுயமாகத் தொழில் செய்வோனின் வருமானம் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியதில்லை. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் எனத் தொழில்களைப் பெயர் சொல்லி அழைத்தே வரிப் பதிவுக்கு வரச் சொன்னது. காப்பு என்று வரும்போது மட்டும் அதே அரசு இவர்களை அறியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இம்முரண்பாட்டையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் பெறுவோனுக்கு வரிக் கவலை பெரிதாக இல்லை. வேலை கொடுப்போனே கணக்குப் பார்த்துக் கழித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறான். சுயதொழில் செய்வோனோ தனக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளி, தானே கணக்கப்பிள்ளை. அவனுக்காகக் கணக்கு வைப்பார் எவருமில்லை. ஆகவே, சட்டத்தை அவனே அறிந்துகொள்ளல் வேண்டும்.

வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் தொடங்கி, மறு ஆண்டு மார்ச் 31 ஆம் நாள் முடிவடைகிறது. வரியை ஆண்டு முடியும்வரை வைத்திருந்து ஒரே முறையில் கட்டச் சட்டம் இடந்தரவில்லை. ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணைகள் உண்டு. எஞ்சியிருப்பதை ஆண்டு முடிந்தபின் வரும் செப்டம்பர் 30 க்குள் தீர்த்து, நவம்பர் 30 க்குள் வருமான விபரத் திரட்டைச் சமர்ப்பித்தல் வேண்டும். தவணை தவறினால் தண்டமும் வட்டியும் சேர்ந்து ஏறும். மழை பொய்த்தது என்றோ, கட்சிக்காரர் கட்டணம் தரவில்லை என்றோ திணைக்களத்திடம் சொல்லிப் பயனில்லை.

வரி விதிக்கப்படுவது கைக்கு வந்த பணம் முழுவதற்குமன்று. வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவைக் கழித்து எஞ்சும் ஆதாயத்துக்கே. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணமாக விடப்படுகிறது. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம். பின்னர் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம். மீதிக்கு 36 வீதம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். தனியாகத் தொழில் நடத்தும் சட்டத்தரணி ஒருவருக்கு ஆண்டில் 40 இலட்சம் ரூபா கட்டணமாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அலுவலக வாடகை, இலிகிதரின் சம்பளம், நூல்கள், தொழிலுக்கான பிரயாணம் ஆகியவற்றுக்கு 12 இலட்சம் செலவாயிற்று. அவரிடம் பற்றுச்சீட்டும் கணக்கேடும் உண்டு. ஆதாயம் 28 இலட்சம்; நிவாரணம் போக எஞ்சுவது 10 இலட்சம்; வரி 60,000 ரூபா. அதே வருமானமும் அதே செலவும் உள்ள இன்னொருவரிடம் ஒரு துண்டுச் சீட்டுமில்லை. செலவை நிலைநாட்ட இயலாத அவருக்கு 22 இலட்சத்துக்கு வரி விதிக்கப்படும். அது 3,30,000 ரூபா. இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு 2,70,000 ரூபா. இது அரசு செய்த கொடுமையன்று. கணக்கேடு இல்லாமையின் விலை.

இன்னொன்றையும் நம் உயர்தொழிலினர் கவனித்தல் வேண்டும். 2023 ஜனவரி முதல், மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கட்டணத்தைத் தனிநபருக்கு வழங்கும் நிறுவனம் அதில் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டே மீதியைக் கொடுக்கிறது. அது தொலைந்த பணமன்று. இறுதி வரியில் கழித்துக்கொள்ளத்தக்க முற்பணமே. அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெறாதவர் ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி கட்டியவராவார். நெல் விற்ற பணத்தை வங்கியில் வைப்பிலிட்ட கமக்காரருக்கும் இது பொருந்தும். வைப்பு வட்டியில் பிடிக்கப்படும் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தப்பட்டது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குட்பட்டவர் வங்கியில் உரிய பிரகடனத்தைச் சமர்ப்பித்தால் அவ்வரி பிடிக்கப்படமாட்டாது. இதனை அறியாது இழக்கும் முதியோர் பொருட்டாவது, படித்த பிள்ளைகள் அப்படிவத்தை நிரப்பிக் கொடுத்தல் வேண்டும். அரசியலமைப்பின் மொழி அத்தியாயமும், 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தமும் அரசாங்க அலுவலகத்துடன் தமிழிலே தொடர்புகொள்ளும் உரிமையை நமக்கு அளித்துள்ளன. விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிட எவரும் கடமைப்பட்டவரல்லர்.

"பெரும்பாலான கமக்காரர் 18 இலட்சத்தைத் தொடுவதில்லையே, வரி கட்டாதவருக்கு அரசு ஏன் காப்பளிக்க வேண்டும்?" என்று கேட்போர் கொழும்பிலே உளர். கமக்காரன் வரி கட்டவில்லை என்று யார் சொன்னது? 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 வீதமாயிற்று. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த டீசலும் பெற்றோலும் அன்றே அவ்வரிக்குள் வந்தன. உழவு இயந்திரம் வயலில் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் கமக்காரன் திறைசேரிக்குப் பணம் செலுத்துகிறான். அவன் பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு.

இன்னும் ஒரு விந்தை உண்டு. 2022 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் 'சமூகப் பாதுகாப்பு' என்னும் பெயரைத் தாங்கிய அறவீடொன்று பிறந்தது. பெரிய வணிக நிறுவனங்களின் விற்பனைப் புரள்வில் 2.5 வீதம் அறவிடப்படுகிறது. அது பொருள்களின் விலையிலேறி மக்கள் தலையில் விழுகிறது. பெயரைக் கேட்பவர் என்ன நினைப்பார்? தம் முதுமைக்கு எங்கோ ஒரு கணக்கில் பணம் சேர்கிறது என்றுதானே நினைப்பார்? எவர் பெயரிலும் எக்கணக்கும் இல்லை. அரசின் பொதுச் செலவோடு அது கலந்துவிடுகிறது. பெயரில் இருக்கும் பாதுகாப்பு பயனில் இல்லை.

இனிக் காப்பின் நிலையைப் பார்ப்போம். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தனியார்துறைத் தொழிலாளிக்குப் பெரும் அரண். அவன் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. முதலாளியே இல்லாதவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அக்குறையை நீக்கவென்றே 1987 இல் கமக்காரர் ஓய்வூதியத் திட்டமும், 1990 இல் மீனவர் ஓய்வூதியத் திட்டமும், 1996 இல் ஏனைய சுயதொழிலாளருக்கெனச் சமூகப் பாதுகாப்புச் சபையும் சட்டமாக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, அதை நாம் மறுக்கவில்லை. நிகழ்ந்தது என்ன?

கமக்காரர் திட்டத்தில் 18 முதல் 59 வயது வரையானோர் சேரலாம். அறுபது நிறைந்ததும் ஓய்வூதியம் என்றனர். நம்பிச் சேர்ந்தனர். ஆனால், செலுத்திய பணத்துக்கும் வாக்களித்த தொகைக்குமிடையே இருந்த இடைவெளியை நிரப்ப நிலையான வழி வகுக்கப்படவில்லை. ஓய்வூதியம் பெறுவோர் பெருகப் பெருக நிதி வற்றியது, கொடுப்பனவு நின்றது. 2014 இல் திறைசேரிப் பணத்தைக் கொண்டே அது மீண்டும் வழங்கப்பட்டது. வழங்கப்பட்ட தொகைதான் என்ன? பலருக்குக் கிடைத்தது மாதம் ஆயிரம் ரூபாவை ஒட்டிய தொகையே. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டியது. விலையோடு சேர்ந்து உயராத ஓய்வூதியம் கரையில் வைத்த பனிக்கட்டிக்கு ஒப்பானது.

பிரித்தானியாவை நோக்குவோம். நமக்கு வருமான வரியைக் கற்பித்தவர்கள், தம் நாட்டிலே அதன் மறுபாதியையும் செய்துகொண்டார்கள். பெவரிட்ஜ் என்பாரின் 1942 ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி 1946 இல் தேசிய காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 ஜூலை 5 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாம் சுதந்திரம் பெற்றதும் அவ்வாண்டே. அச்சட்டம் தொடக்கத்திலேயே சுயதொழிலாளரைத் தனி வகுப்பாகச் சேர்த்துக்கொண்டது. இன்று லண்டனில் கடை நடத்தும், வாடகைக் கார் ஓட்டும் நம் உறவினர் அச்சட்டத்தின் கீழேயே வாழ்கின்றனர். 2024 ஏப்ரலில் விதித்தபடி, ஆண்டு ஆதாயத்தில் 12,570 பவுணுக்கும் 50,270 பவுணுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு 6 வீதமும், அதற்கு மேல் 2 வீதமும் செலுத்துகின்றனர். 2016 ஏப்ரலின் பின் ஓய்வூதிய வயதை எட்டியோர்க்கான விதிப்படி, குறைந்தது 10 ஆண்டுப் பதிவிருந்தால் ஓய்வூதியத்துக்கு உரித்து. ஏறக்குறைய 35 ஆண்டு நிறைந்தால் முழுத்தொகை. அத்திட்டத்திலும் குறையுண்டு. வேலையிழந்தோர்க்கு அங்கு பங்களிப்பின் பேரில் கிடைக்கும் உதவி சுயதொழிலாளருக்கு இல்லை. எனினும், கொடுத்ததற்கு ஒரு கணக்குண்டு. அக்கணக்குக்கு ஓர் உரித்துண்டு. நமக்கு வேண்டுவது அதுவே.

ஆதலின், அரசிடம் நாம் கோருவன இவை. முதலாவதாக, வரிக்கு ஓர் இலக்கம் இருப்பதுபோல் காப்புக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கமும் கணக்கும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, சமூகப் பாதுகாப்பின் பெயரால் அறவிடும் பணத்தில் ஒரு பங்காவது சுயதொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்குச் சட்டப்படி ஒதுக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, ஓய்வூதியம் விலைவாசியோடு உயர்தல் வேண்டும். நான்காவதாக, கமக்காரனின் பங்களிப்பு, போகம் முடிந்து நெல் விற்ற கையோடு செலுத்தத்தக்கதாகவும், வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்த போகத்துக்கு அரசே செலுத்துவதாகவும் அமைதல் வேண்டும். இவை பிச்சையல்ல, கொடுப்போர் கேட்கும் பங்கு.

நம் மக்களுக்கும் ஒரு சொல். வருமானத்தை மறைப்பதே சாமர்த்தியம் என்று எண்ணுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. வருமானத்தை மறைப்பவன் தன் உரிமையையும் சேர்த்தே மறைக்கிறான். வங்கிக் கடனுக்குப் போனாலும், வீதி விபத்தில் உடல் முடமாகி நட்டஈடு கோரி நீதிமன்றம் ஏறினாலும், "உன் உழைப்பு எவ்வளவு?" என்பதே முதற் கேள்வி. விடை ஏட்டில் இல்லையாயின் வாயால் சொல்லும் கணக்குக்கு மதிப்பில்லை. ஆகவே, வரவையும் செலவையும் அன்றாடம் எழுதுங்கள். இருக்கின்ற திட்டங்கள் குறையுள்ளனவாயினும், கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து அறிந்து, பொருந்துவதிற் சேர்ந்து, கட்டிய பணத்துக்கான சீட்டைப் பேணுங்கள். 1995 இலும் 2009 இலும் காணி உறுதியையும் ஏடுகளையும் விட்டு ஓடிய மக்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியின் அருமையை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும், நம் கணக்காளரையும் சட்டத்தரணிகளையும் அழைத்து, விபரத் திரட்டு நிரப்பும் காலத்தில் வாரத்துக்கு ஒரு மாலையேனும் மக்களுக்கு உதவச் செய்தல் வேண்டும். படித்தவன் படியாதவனுக்குச் செய்யத்தக்க தொண்டு இதனினும் பயனுள்ளது வேறில்லை.

மண்ணை நம்பி வாழ்பவனும் தன் கல்வியை நம்பி வாழ்பவனும் முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்திருக்கும் நிலை மாறல் வேண்டும். அன்றுதான் நம் இளைஞர் கோறணமேந்தின் கோழிக்கூட்டை நாடி ஓடாது, சொந்தத் தொழிலில் துணிந்து இறங்குவர். வரியைச் சட்டத்தால் வாங்கும் அரசு, காப்பையும் சட்டத்தால் தருவதாக!