மனசை திடமா வச்சா தூக்கம் வந்துடுமா?

"ஊனம் உடம்புலதான், மனசுல இல்ல." வீல்சேர் வீரர் படத்துக்குக் கீழ இந்த வரியைப் போட்டு ஃபார்வர்டு பண்றவங்க, அந்தாளு நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்னு ஒரு தடவையாவது யோசிச்சிருப்பாங்களா? (நம்ம பொட்டி தட்டுற கும்பலோட தூக்கமும் சந்தி சிரிக்குது. அது தனிப்பதிவு :-))

மாற்றுத்திறனாளி வீரர் ஒருத்தர் தூக்கம் வரலைன்னு சொன்னா, கோச்சுல இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் கைவசம் வச்சிருக்கற ஒரே மருந்து, "மனசை திடமா வச்சுக்கப்பா". போட்டி டென்ஷனாம். டென்ஷன் இல்லைன்னு சொல்லலை. ஆனா உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல?

ராத்திரி ஆயிடுச்சுங்கற சிக்னல் மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியா கீழ இறங்கி, திரும்ப மேல ஏறித்தான் பீனியல் சுரப்பிக்குப் போகணும். கழுத்துல தண்டுவடம் முழுசா அடிபட்டவருக்கு அந்த ஒயர் கட். தூங்க வைக்கற மெலடோனின் ராத்திரியில சுரக்காது. இதுல மனசை திடமா வச்சு என்னத்த பண்ண? அடிபட்ட இடத்துக்குக் கீழ சரியா வேர்க்காது, அதனால உடம்புச் சூடும் இறங்காது. நம்ம திண்டுக்கல்லுல மே மாசம் ஃபேன் காத்தே அனலா வரும், நினைச்சுப் பாருங்க. படுக்கைப்புண் வராம இருக்க நடுராத்திரி புரண்டு படுக்கணும். பகலெல்லாம் சக்கரம் தள்ளின தோள்பட்டை ஒருக்களிக்க விடாது. காலை எடுத்தவங்களுக்கோ, இல்லாத கால் வலிக்கும்!

சென்னையில செலக்‌ஷன்னா இங்கேருந்து ராத்திரி ரயில். லோயர் பெர்த் கிடைச்சா அதிர்ஷ்டம். வீல்சேர் நுழையற கக்கூஸ் வழியில கிடையாதுன்னு முந்தின சாயங்காலமே தண்ணி குடிக்கறதை நிறுத்தறவங்க உண்டு. விடிகாலை இறங்கி, காலையிலயே கிரவுண்டு. தோத்தா, "பிராக்டீஸ் பத்தலை."

பெரிய வீரருக்கே என்ன நடந்துச்சு? சேலத்துக்காரர் மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினவர். 2021ல டோக்கியோவுல கொடி பிடிக்க வேண்டியவர். கூட விமானத்துல வந்த ஒருத்தருக்கு கொரோனான்னு தனிமைப்படுத்திட்டாங்க. கொடியை வேறொருத்தர் தூக்கினார். ஃபைனல் அன்னிக்கு மழை, சாக்ஸ் நனைஞ்சு போச்சு. அதுலயும் 1.86 தாண்டி வெள்ளி. இங்க டீக்கடையில என்ன பேச்சு? "தங்கம் போச்சே"! மனுஷன் 2024 பாரிஸ்ல வெண்கலமும் வாங்கிட்டார். அவருக்கே இந்த மரியாதைன்னா, மாவட்ட அளவுல ஆடற பையன் "தூக்கம் வரலை சார்"னு வாயைத் திறப்பானா?

ரியோவுல ஜெயிச்சதுக்கு மாநில அரசு 2 கோடி கொடுத்துச்சு. சந்தோஷம். அதே 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 30வது பிரிவே விளையாட்டைப் பத்தினதுதான். ஜெயிக்கறதுக்கு முன்னாடி என்னங்க தர்றோம்? முந்தின நாளே வரவழைச்சு, கதவு அகலமான பாத்ரூமோட ஒரு ரூம் போட எத்தனை கோடி ஆகும்? ஊனம் எத்தனை சதவீதம்னு கேக்கற டாக்டர், தூக்கம் எப்படின்னு ஒரு கேள்வி கூடக் கேட்டா குறைஞ்சா போயிடுவார்?

"எல்லா வீரருக்கும்தான் போட்டிக்கு முந்தின நாள் தூக்கம் வராது, இவங்களுக்கென்ன ஸ்பெஷல்"னு பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. அந்த ஒயர் மேட்டருக்கு முதல்ல பதில் சொல்லிட்டு ஆரம்பிங்க.