சட்டமும் நாமும்: அடுத்த பெயரையும் எழுதி வையுங்கள்



"எனக்குப் பிறகு இந்த வீடும் வளவும் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகட்டும்" என்று சொல்லும் தாய்மார் எங்களிடையே பலர். போரில் குடும்பத்தை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழ்பவர்கள், பிள்ளையில்லாதவர்கள் என்று பலரும் இப்படிச் சொல்வதுண்டு. நல்ல மனம்தான். ஆனால் வாயால் சொன்னது சட்டத்தின் முன் நிற்காது. இறுதி விருப்பாவணமாக எழுத வேண்டும். எழுதும்போது ஒரே பெயரோடு நிறுத்திவிடவும் கூடாது.

ஏன் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது ஊரே வெறிச்சோடியது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றில் பல இன்று இல்லை. 2008 செப்டெம்பரில் வன்னியில் இருந்த தொண்டு நிறுவனங்களை வெளியேறும்படி அரசு பணித்தது. நீங்கள் இன்று பெயர் எழுதும் இல்லம், நீங்கள் கண் மூடும் காலத்தில் மூடப்பட்டிருக்கலாம், வேறொன்றோடு இணைந்திருக்கலாம், காணியைப் பராமரிக்க முடியாமல் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்போது அடுத்த பெயர் இல்லாவிட்டால், அந்தச் சொத்து சட்டப்படியான உரித்தாளர்களிடம் போகலாம், அல்லது வழக்கில் இழுபடலாம். ஏழைப் பிள்ளைகளுக்கென்று நினைத்த வீடு பூட்டியே கிடந்து பாழாகும்.

ஆகவே இப்படி எழுதச் சொல்லுங்கள்: "என் வீடும் காணியும் இன்ன இல்லத்துக்கு. நான் இறக்கும்போது அந்த இல்லம் இயங்காவிட்டால் அல்லது ஏற்க மறுத்தால், இன்ன முதியோர் இல்லத்துக்கு. அதுவும் முடியாவிட்டால் என் தங்கையின் மகளுக்கு." இரண்டு நிறுவனங்களின் முழுப் பெயர், முகவரி, பதிவு இலக்கம் மூன்றையும் குறியுங்கள். காணியை ஏற்று வைத்திருக்க அவர்களால் முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மாமாருக்கு இது இன்னும் கடினமான விடயம். மகனின் பெயரை எழுதாமல் விட மனம் வராது. அவன் பெயரை மட்டும் எழுதினால் வீடு யாருக்கும் போய்ச் சேராமல் நிற்கும். அவனை முதலில் எழுதுங்கள். "நான் இறந்து ஐந்து வருடத்துக்குள் மகன் வந்தால் வீடு அவனுக்கு. அதுவரை என் சகோதரி பராமரிக்கட்டும். அவன் வராவிட்டால் இன்ன இல்லத்துக்கு" என்று காலம் குறிக்கலாம். அடுத்த பெயரை எழுதுவதால் பிள்ளை இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்டதாக ஆகாது.

உங்களுக்கு உரித்தானதை மட்டுமே நீங்கள் எழுதிவைக்கலாம். கணவரின் பெயரில் உள்ள காணி அப்படியே உங்களுடையது ஆகாது. காணாமற்போனவருக்காக 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் இல்லாமைச் சான்றிதழும் காணி உரித்தை உங்கள் பெயருக்கு மாற்றாது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆனால் அதை விருப்பாவணத்தில் எழுதிவைக்க அந்தச் சம்மதம் தேவையில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணியை விருப்பாவணத்தால் விரும்பியவருக்கெல்லாம் கொடுக்க முடியாது. அதற்குப் பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும்; சட்டம் குறிப்பிடும் உறவினரையே நியமிக்கலாம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விருப்பாவணத்தில் ஒரு நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகளாவது வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்க வேண்டாம். உங்கள் விருப்பத்தை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். அவருக்கும் ஒரு மாற்றாளை எழுதுங்கள்.

நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். விருப்பாவணத்தை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். ஆகையால் சில வருடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, எழுதிய இல்லங்கள் இன்னும் நடக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. உங்கள் மாவட்டத்தில் உள்ள அதன் நிலையத்துக்குப் போகும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும், நீங்கள் நினைத்த இரண்டு மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதியும் கொண்டுபோங்கள்.