பாக்கெட் பன்னும் மீனவர் ஆகாரமும்

"விவசாய இலாகாவின் பத்திரிகையில் பன்னைப் பற்றி எழுதுவானேன்?" என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நிலத்தில் விளைவது யாவும் முடிவில் மனிதன் வயிற்றைச் சென்றடைவதற்கே. ஆதலின் என்ன விளைகிறது என்பதில் நாம் காட்டும் கவலையில் ஒரு பங்கையேனும், என்ன உண்ணப்படுகிறது என்பதிலும் காட்ட வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள பழவேற்காட்டு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உப்பங்கழியாகும். அதன் கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வாழும் மீனவர், பாடு முறைப்படி முறை வைத்து ஏரியில் வலையிடுகின்றனர். இருளர் மகளிர் நீரில் அமர்ந்து, கையால் தடவியே இறால் பிடிக்கின்றனர். ஆடவர் விடியுமுன் தோணி ஏறுவர்; பெண்டிர் கூடையுடன் சந்தைக்கு விரைவர். அடுப்பு மூட்ட அவகாசமில்லை. ஆகவே கடையில் தொங்கும் பாக்கெட் பன்னும் ஒரு குவளைத் தேநீருமே பல வீடுகளில் காலை ஆகாரமாகிவிட்டன. மடவை மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு தாயின் அருகில், அவள் குழந்தை பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்ததை நான் ஒருநாள் கண்டேன். கூடையிலிருந்த மீன் பட்டணத்துக்குப் போகவிருந்தது. பட்டணத்துப் பன் குழந்தையின் கைக்கு வந்திருந்தது. இக்கட்டுரைக்குக் காரணம் அக்காட்சியே.

பன் செய்யப்படுவது மைதாவினால். கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி, நடுவிலுள்ள வெண்மையான பாகத்தை மட்டும் அரைத்துச் சலித்தெடுத்த மாவே மைதா. நெல்லை மிகையாகத் தீட்டினால் சத்து தவிட்டோடு போய்விடுகிறது என்று குடியானவர்களுக்கு நாம் பல காலமாகச் சொல்லி வருகிறோம். கோதுமைக்கும் அதே நியாயந்தான். நார்ச்சத்து, இரும்புச்சத்து, பி வகை ஜீவசத்துக்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டோடும் முளையோடும் கழிந்துவிடுகிறது. பின்னர் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, ஈஸ்ட், கெடாதிருக்கச் சேர்க்கும் மருந்து முதலியன கூடிப் பன் உருவாகிறது.

நூறு கிராம் மைதாவில் சுண்ணாம்புச் சத்து சுமார் 20 மில்லிகிராமே. அதே எடைக் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் வேண்டும் என்பது நிபுணர் கணக்கு. நார்ச்சத்து மைதாவில் மூன்று கிராமுக்கும் குறைவு; கேழ்வரகில் சுமார் 11 கிராம். இரும்புச்சத்திலும் கேழ்வரகே இருமடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் நியாயத்தை மறைக்கலாகாது: புரதத்தில் மைதா பத்து கிராமும் கேழ்வரகு ஏழு கிராமுமாகும். ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. அக்குறையை நன்கு நிரப்பவல்லவை மீன், முட்டை, பருப்பு ஆகியவை. மீன் எங்கே கிடைக்குமென்று பழவேற்காட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை!

இவ்விஷயத்தில் நம் மாகாணத்திலேயே நடந்த ஆராய்ச்சியொன்று நினைவுகூரத்தக்கது. குன்னூரில் ஆகார ஆராய்ச்சிச் சாலையை நடத்திய ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி முதலியன தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த காய்கறி, டப்பா இறைச்சி ஆகியவை தின்ற எலிகளோ குன்றின. நுரையீரலிலும் குடலிலும் நோயுற்றன. எலி மனிதனன்று; ரொட்டி ஒன்றே குற்றவாளியுமன்று; பாலும் பசுமையும் இல்லாக் குறையும் அதில் உண்டு. எனினும் வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் ஒருவருடைய ஆகாரத்தில் பெரும்பங்கு பெறுமாயின் விளைவு என்னவாகும் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கை. அச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுடையவர். தேநீரை ஆகாரத்துடன் சேர்த்தருந்தினால், தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதை அது தடுக்கிறது. எனவே பன்னிலுள்ள சொற்ப இரும்பையும் அதைத் தோய்க்கும் தேநீரே கெடுத்துவிடுகிறது.

பன் நஞ்சென்று நான் கூறவில்லை. ரொட்டி மாவில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016-ல் தடை செய்யப்பட்டது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருத்தலாகாதென்ற விதி 2022 முதல் அமலிலுள்ளது. பசித்த வேளைக்கு ஒரு பன் தின்பதில் கெடுதியில்லை. தினந்தோறும் அதுவே ஆகாரமாவதுதான் கெடுதி. 2022-ல் தொடங்கி 2023-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பெரிய உபகாரமே. ஆயினும் விடுமுறை நாட்களும், பள்ளிப் பருவம் எய்தாத சிறாரும், தாய்மாரும் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். பாக்கெட்டின்மேல் சேர்மானங்களை எடையில் கூடியது முதலில் வரும்படி வரிசையாக அச்சிடச் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் அவை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ இருந்தால் போதுமென்பது விதி. தமிழில் அச்சிடுவது வியாபாரியின் விருப்பம். வாங்குபவள் வாசிக்கவியலாத எழுத்தால் அவளுக்கு என்ன பயன்? தமிழிலும் அச்சிட வேண்டுமென்பதை விதியாக்குதல் அவசியம். அதுவரை, பள்ளியில் பயிலும் பிள்ளையைக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். பன்னின் நிறம் பழுப்பாயிருப்பதனால் ஏமாற வேண்டாம். முதற்சொல் மைதாவாயின் அது மைதாப் பன்னே.

குப்பத்துத் தாய்மாருக்கு என் யோசனைகள் இவை:

1. இரவிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வைத்தால் காலையில் அடுப்பு வேண்டியதில்லை; மோரோ வெங்காயமோ சேர்த்து உண்ணலாம்.

2. விற்பனைக்குக் கூடை நிரம்புமுன், முள்ளோடு தின்னத்தக்க பொடிமீனில் ஒரு கை வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். அம்முள்ளே சுண்ணாம்புச் சத்து.

3. பன் தின்றே ஆகவேண்டிய நாளில், அவித்த முட்டையோ சுண்டலோ உடன் இருக்கட்டும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுங்கள். சிறுகுழந்தைகளுக்குத் தேநீரே வேண்டாம்.

4. மகளிர் சுயஉதவிக் குழுவினர் கேழ்வரகுப் புட்டும் அடையும் செய்து, விடியற்காலையில் மீன் இறங்குதுறையிலேயே விற்கலாம். பன்னுக்குப் போகும் காசு குப்பத்திலேயே தங்கும்.

பன் வென்றதற்குக் காரணம் அதன் சத்தன்று. விடியற்காலையில் அது ஆயத்தமாகக் கைக்குக் கிடைப்பதே. கூழும் அடையும் அவ்வாறே ஆயத்தமாகக் கிடைக்குமாயின், நாம் நெடும் பிரசங்கம் செய்யத் தேவையிராது. அவ்வேற்பாட்டில் குழுவினருக்குத் துணைநிற்பது நம் இலாகாவின் கடமை என்று முடிவாகக் கூறுகிறேன்.