எந்த கேம் ஆடுவது?

ஹார்லி டேவிட்சன் வாங்குகிறவர்களில் பலர் அதை அப்படியே ஓட்டுவதில்லை. முதலில் சைலன்சர் போகும். அடுத்து ஏர் ஃபில்டர். சத்தம் கூடிய அளவுக்கு வேகம் கூடவில்லையே என்று மனசு அரிக்கத் தொடங்கியதும் மூன்றாவதாகக் கை வைக்கும் இடம் கேம்ஷாஃப்ட். அமெரிக்காவில் இது தனித் தொழில். ஆண்ட்ரூஸ், எஸ் அண்ட் எஸ், ஃபியூலிங் என்று பல கம்பெனிகள், விதவிதமான கேம்கள். விலைப் பட்டியலைப் புரட்டுகிறவரின் விரல், அதிகக் குதிரைசக்தி என்று போட்டிருக்கும் வரியில் போய் நிற்கிறது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கேம் என்பது ஒரு தண்டில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் உருக்கு. கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. புடைப்பு மேலே வரும்போது புஷ்ராடைத் தள்ளும், வால்வு திறக்கும். பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி. ஹார்லியின் ட்வின் கேம் எஞ்சினில் வால்வு திறப்பது சுமார் அரை அங்குலம். இன்னும் கொஞ்சம் திறந்தால் இன்னும் கொஞ்சம் காற்று, பெட்ரோல், சக்தி என்று கணக்கு அத்தனை சுலபமாக இருந்தால் தொழிற்சாலையிலேயே செய்திருப்பார்கள்.

வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதைவிட எப்போது மூடுகிறது என்பது முக்கியம். பிஸ்டன் கீழே போய்விட்டு மேலே திரும்பத் தொடங்கிய பிறகும், காற்றை உள்ளே விடும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இதில் லாபம். பாய்ந்து வரும் காற்று அந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது கதை வேறு. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்ததில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அழுத்தம் குறைகிறது, மெக்கானிக்குகள் ‘புல்லிங்’ என்று சொல்லும் இழுவையும் குறைகிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 30 டிகிரிக்குப் பக்கத்தில் வால்வு மூடினால் கீழ்வேகத்துக்கு ஏற்ற கேம். 50 டிகிரியைத் தாண்டினால் பந்தயக்காரர்களின் சரக்கு. பட்டியலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

க்ரூஸர் என்பது 300 கிலோவுக்கு மேல் கனக்கக்கூடிய, சாவகாசமாகப் போகும் வண்டி. நிமிடத்துக்கு 5,500 சுற்று வரை போகக்கூடிய எஞ்சின்தான். ஆனால் ஓட்டுகிறவர் பெரும்பாலும் 2,000க்கும் 3,500க்கும் நடுவிலேயே இருக்கிறார். பந்தய கேம் தன் வித்தையைக் காட்டத் தொடங்குவதோ அதற்கெல்லாம் மேலே. சிக்னலில் புறப்படும்போது இருந்த இழுவையும் போய், மேலே வந்த சக்தியையும் பார்க்காமல் வீடு திரும்புகிறார் மனிதர். அந்தக் குறையைச் சரிக்கட்ட அழுத்தம் கூட்டும் பிஸ்டன், கடினமான வால்வு ஸ்பிரிங் என்று செலவு நீளும்.

ஆனாலும் பழைய ட்வின் கேம் வைத்திருப்பவர் அந்த மூடியைத் திறப்பதற்கு உருப்படியான காரணம் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய எவல்யூஷன் எஞ்சினில் பல்சக்கரத்தால் சுழலும் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். 1999 மாடலாக 1,450 சிசியில் ட்வின் கேம் வந்தபோது தண்டு இரண்டானது. சுழற்றும் வேலை இரண்டு செயின்களிடம் போனது. செயின் தொய்யாமல் இருக்க, ஸ்பிரிங்கின் பலத்தில் அதன் மீது அழுந்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று. தேய்வதற்கென்றே பிறந்த பொருள். தேய்ந்த துணுக்குகள் ஆயிலோடு கலந்து ஆயில் பம்ப்புக்குப் போகும். ஆயில் அழுத்தம் விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. கட்டை முழுக்கத் தேய்ந்துவிட்டால் செயின் அடுத்து உரசுவது உலோகத்தில். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். 2006ல் டைனா வரிசைக்கும் 2007ல் மற்ற ட்வின் கேம் வண்டிகளுக்கும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரை ஹார்லி கொடுத்தது. அதற்கு முந்தைய வண்டிக்காரர் புது கேம் போடும் சாக்கில் அந்தக் கட்டையையும் உள் பேரிங்குகளையும் மாற்றிவிடுவது, கேம் தரும் குதிரைசக்தியைவிடப் பெரிய லாபம்.

செயினே வேண்டாம் என்று பல்சக்கரத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. கிராங்க்ஷாஃப்டின் ஆட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 3 பங்குக்குள் இருந்தால்தான் அது சரிப்படும். அளக்காமல் போட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னும்.

வேலையிலும் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. பெட்ரோல் டாங்க்கையும் எஞ்சினின் மேல்பகுதியையும் கழற்றச் சோம்பல்பட்டு, பழைய புஷ்ராடுகளை போல்ட் கட்டரால் வெட்டியே எடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியவற்றைப் போடுகிறார்கள். இங்கே தேவை பொறுமை. புஷ்ராடைச் சரிசெய்த பின், அதன் அடியில் ஆயில் நிரம்பிய லிஃப்டர் அமுங்கும் வரை காத்திருக்க வேண்டும். கால் மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு எஞ்சினைச் சுற்றினால் வால்வு வளைந்துவிடும்.

பெட்ரோல் செலுத்தும் அளவைக் கம்ப்யூட்டரில் மாற்றியமைப்பது பாக்கி. இது சட்ட விவகாரம். புகைக் கட்டுப்பாட்டை மீற உதவும் ட்யூனர்களை விற்றதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2016 ஆகஸ்டில் ஹார்லியே 1.2 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. இந்தியாவிலும் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2017 மாடல்களில் வந்த மில்வாக்கி-எய்ட் எஞ்சினில் ஹார்லி மறுபடி ஒற்றைக் கேமுக்கே திரும்பிவிட்டது. அதற்கும் கேம் பட்டியல்கள் வந்துவிட்டன.