புழுவும் சாட்சி சொல்லும்

"அழுகிய நிலையில் உடல் கண்டெடுப்பு" என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். பிழைப்பை முன்னிட்டுப் பெற்றோர் ஓர் ஊரிலும் பிள்ளைகள் வேறோர் ஊரிலுமாக வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது வெறும் செய்தியன்று. பூட்டிய வீட்டில் தனியே இருந்தவர் இறந்தது திங்களா, வியாழனா என்பதைப் பொறுத்தே சந்தேகம் யார் மேல் விழும், நிரபராதி தப்புவானா என்பதெல்லாம் அமைகிறது.

உடல் குளிர்வதையும் விறைப்பதையும் கொண்டு மருத்துவர் காலம் கணிப்பது முதல் இரண்டு மூன்று நாட்களுக்கே கைகொடுக்கும். திருவனந்தபுரத்து வெக்கையிலும் ஈரத்திலும் அதுவும் குறையும். அதன் பின் கணக்குச் சொல்ல வல்லவை, நாம் அருவருத்து விரட்டும் ஈயும் புழுவும்தான்.

பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய ஈ, பிணத்தை மோப்பம் பிடித்துச் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். அது இடும் முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். புழு இரு முறை தோலுரித்து வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் சுமார் பத்து நாளில் ஈயாகப் பறந்துவிடும். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்த்தால், முட்டையிட்ட நாளைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. சீன நீதிபதி சோங் சி 1247இல் எழுதிய நூலிலேயே, ஊராரின் அரிவாள்களை வரிசையாக வைக்கச் சொல்லி, ஈ மொய்த்த அரிவாளைக் கொண்டு கொலையாளியைப் பிடித்த கதை வருகிறது. 1935இல் பம்பாயில் பிறந்த டாக்டர் பக் ரக்ஸ்டன், இங்கிலாந்தின் லங்காஸ்டரில் மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஓடையில் எறிந்தார். மருத்துவராதலால் அடையாளங்களைச் சிதைக்கத் தெரிந்தது, புழுவை மறந்தார். டாக்டர் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் அப்புழுக்களை ஆராய்ந்து, அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். அப்பெண்கள் காணாமற்போன நாளோடு அது பொருந்தியது. மற்றச் சாட்சியங்களும் சேர, 1936இல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

வாயில்லா ஜீவனின் சாட்சியம் கேரளத்துக்கும் புதிதல்ல. கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020இல் மனைவியை நல்லபாம்பு கடிக்கும்படி செய்து கொன்ற வழக்கில், போலீசார் பொம்மையையும் உயிருள்ள பாம்பையும் வைத்துப் பரிசோதனை செய்தார்கள். பாம்பு தானாகக் கடித்தால் பல் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்று, தலையை அழுத்திக் கடிக்க வைத்தால் வேறு என்று காட்டினார்கள். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதே அக்கறை புழுவுக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. செல்பவர் கையில் சில குப்பிகளும், ஒரு வெப்பமானியும் இருந்தால் போதும். உடலைக் கழுவுமுன் புழுக்களில் பாதியை வெந்நீரில் இட்டுச் சாராயத்தில் பாதுகாக்கலாம். மீதியை உயிரோடு வளர்த்து இனம் அறியலாம்.

வெப்பம் முக்கியம். வெயிலில் புழு வேகமாக வளரும், குளிரில் தாமதிக்கும். ரயில்வேயில் நாங்கள் தண்டவாளத்தின் சூட்டைத் தண்டவாளத்திலேயே அளப்போம். ஊர் வெப்பநிலை அதற்கு உதவாது. அதுபோல, உடல் கிடந்த இடத்தின் சூட்டை அங்கேயே அளக்க வேண்டும்.

சிலர் ஆட்சேபிக்கலாம். மூடிய அறைக்குள் ஈ தாமதமாக வரும். இறந்தவர் உட்கொண்ட மருந்து புழுவின் வளர்ச்சியை மாற்றும். வெளிநாட்டு அட்டவணை நம் ஈக்குப் பொருந்தாது. எல்லாம் உண்மையே. புழு சொல்வது குறைந்தபட்சக் காலத்தைத்தான். ஆகவேதான் கடற்கரை, மலை, மழைக்காலம், கோடை என்று நமக்கே உரிய அட்டவணைகள் வேண்டும். காரியவட்டம் விலங்கியல் துறையும் இங்குள்ள மருத்துவக் கல்லூரியும் மாநிலத் தடயவியல் ஆய்வுக்கூடமும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல.

நம் சங்கத்தில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கூடி இதுபற்றி உள்துறைக்கு ஒரு மனு தயாரித்தால், கையொப்பமிட அடியேனும் வருகிறேன்.