விலக்கு எண் 17

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் யாரும் படிக்காத ஒரு பக்கம் உண்டு. எதற்கெல்லாம் காசு தரமாட்டோம் என்கிற பட்டியல் அது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக அந்தப் பட்டியலுக்கு எண் போட்டுக் கொடுத்தது. 17ஆவது எண் குழந்தையின்மை. சோதனைக்குழாய் முறை, விந்தணு செலுத்துதல், வாடகைத்தாய், கருத்தடை செய்ததைத் திரும்ப இணைப்பது எதற்கும் பைசா கிடையாது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் காக்கவைத்து, உச்சவரம்பு போட்டுத் தருகிற கம்பெனிகள் சில இருக்கின்றன. காசிமேட்டில் மீன் விற்கிறவளுக்கும் துறைமுகத்து ஒப்பந்தக் கூலிக்கும் அது எட்டாத உறி.

அந்தப் பாரத்தை நீட்டுகிற கைகளில் வங்கிக் குமாஸ்தாவான என் கையும் ஒன்று. "கொயந்த இல்லாததுக்கு இதுல பாப்பாங்களா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த மாதம் அதே கவுண்ட்டருக்கு நகையோடு வருகிறார்கள். ஒரு தடவைக்கே லட்சத்துக்கு மேல். அந்தத் தடவையிலேயே நிற்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்.

இது வீட்டு விவகாரம், இதில் என்ன அரசியல் என்று தோழர்கள் கேட்கலாம். கருவைத் தடுப்பதற்கு இந்த அரசிடம் எப்போதும் காசு இருந்திருக்கிறது. 1950களிலேயே கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுத்த ராஜ்யம் இது. 1976இல் வடக்கே ஆள்பிடித்து அறுத்தபோது மாட்டியது ஏழைகளும் தலித்துகளும் முஸ்லிம்களும்தான். நம் சனம் பெருகக்கூடாது என்பதில் இருந்த அக்கறை, நம் சனத்துக்குப் பிள்ளை இல்லையே என்பதில் இல்லை.

மனம் வைத்தால் முடியாததல்ல. 2004 சுனாமியில், கருத்தடைக்குப் பின் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாருக்கு இலவசமாக மறுஇணைப்பு அறுவை செய்துதர முன்வந்ததும் இதே தமிழக அரசுதான். அதே சுனாமியால் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட பெண்கள் பிழைக்க வழியின்றிச் சிறுநீரகம் விற்ற சேதி 2007இல் வெளியே வந்தது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை விற்றது அம்பலமானது. நம்மிடமிருந்து எடுப்பதற்கென்றால் சந்தை திறந்தே கிடக்கிறது. நமக்குக் கொடுப்பதென்றால் விலக்கு எண் 17. கருமுட்டை தருபவருக்கு 12 மாதக் காப்பீடு எடுக்கச் சொல்கிறது 2021 சட்டம். நல்லது. சிகிச்சை எடுக்கிறவளுக்குக் காப்பீடு என்ற பேச்சே அதில் இல்லை.

பாபாசாகேப் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேச நலன், செலவில் பெரும்பங்கு அரசுடையது என்பது அவர் வாதம். 1938இல் அவர் கட்சி கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தது. இரண்டும் முரணல்ல. பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் உரிமை. அதற்கு வழிசெய்வது அரசின் கடமை.

நம் தெருவையும் பேசியாக வேண்டும். வளைகாப்பில் ஒதுக்கி நிறுத்துகிற கை, தீட்டென்று நம்மை ஒதுக்கிய கையிலிருந்து எப்படி வேறாகும்? 'மலடி' என்ற சொல் நம் வீட்டுக்குள் இருக்கும் சேரி. குறை ஆணிடமும் இருக்கலாம். உலையின் வெக்கையும் ஈயமும் விந்தணுவைக் குறைக்கும் என்பது மருத்துவம் அறிந்த விசயம். உலைகளுக்கு மத்தியில் வாழ்கிற நாம், பரிசோதனைக்கு மட்டும் பொம்பளையைத் தனியே அனுப்புகிறோம்.

கோவா 2023இலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் இலவசமாகத் தொடங்கிவிட்டது. இங்கே எழும்பூரில் அரசு மையம் வந்திருக்கிறது. ஒன்று போதாது. 1880இலிருந்து வடசென்னைக்குப் பிள்ளைப்பேறு பார்க்கும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை முழுதாகக் கிடைக்கவேண்டும். முதலமைச்சர் காப்பீடும் ஈ.எஸ்.ஐ.யும் இதன் முழுச்செலவையும் ஏற்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்கூட ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கக்கூடாது. பட்டியலிலிருந்து 17ஆவது எண்ணை அடிக்கவேண்டும்.

இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை இது இல்லை. நாமும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருந்தோம் என்று ஒப்புக்கொண்டு, இந்த இதழிலிருந்து தொடங்குவோம்.